பொடிசு இன்னும் ஓட்டவில்லை

பிப்ரவரி 7, சனி

பொடிசின் அப்பாவுக்கு,

பையில் இருமல் மருந்து இருக்கிறது. காலையும் இரவும் ஒரு மூடி. கணக்கு நோட்டு, இரண்டு மாற்று உடை, ஒரு காது போன துணி முயல். முயலை மறக்காமல் திருப்பி அனுப்புங்கள். போன வாரம் உங்கள் வேனிலேயே தங்கிவிட்டது. செவ்வாய் வரை இந்த வீட்டில் யாரும் தூங்கவில்லை.

அடுத்தது சைக்கிள். நான் பெடலைக் கழற்றிப் பையில் போட்டுத்தான் அனுப்பினேன். கொஞ்ச நாள் காலால் தரையைத் தள்ளித் தள்ளிப் போகட்டும், முதலில் சாயாமல் நிற்கப் பழகட்டும், பெடல் பிறகு தானாக வரும் என்று அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரி சொன்னாள். அவள் இரண்டு பிள்ளைகளை அப்படித்தான் பழக்கினாள். நீங்கள் ஒரு வார்த்தை கேட்காமல் பெடலை மாட்டி அனுப்பிவிட்டீர்கள். ஒரே பிள்ளை, ஒரே சைக்கிள். வாரத்தில் ஐந்து நாள் ஒரு பாடம், இரண்டு நாள் வேறு பாடம் என்றால் அவள் எதைத்தான் பிடிப்பாள்?

இனி சொல்லப்போவதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நான்கு நாளாக இந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் கிளையை மூடுகிறார்கள். வேலை வேண்டுமென்றால் தலைமை அலுவலகத்துக்கு வா என்கிறார்கள். ரயிலில் ஆறு மணி நேரம். ஏப்ரல் ஒன்றாம் தேதி அங்கே இருக்க வேண்டும். பொடிசைப் பள்ளி மாற்ற இரண்டு பேர் கையெழுத்தும் தேவை. படிவம் நீல உறைக்குள் இருக்கிறது. மார்ச் 13க்குள் பள்ளியில் கொடுக்க வேண்டும்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் மூன்றாவது நிமிஷம் கத்த ஆரம்பித்துவிடுகிறோம், எழுதினால் கை வலித்தாவது நிறுத்துவீர்கள் என்று குடும்ப நல ஆலோசகர் அம்மா சொன்னார் இல்லையா? அதுவும் போக, நாள் முழுக்க ஊரார் திட்டுவதைக் காதில் வாங்குவதுதான் என் உத்தியோகம். வீட்டுக்கு வந்த பிறகும் போனை எடுக்கத் தெம்பில்லை.

பொடிசின் அம்மா


பிப்ரவரி 8, ஞாயிறு

முயல் பையில் முதல் ஆளாக ஏறிவிட்டது. மருந்து கொடுத்தாயிற்று. கணக்கில் இரண்டு தப்பு, நான் திருத்தவில்லை, டீச்சர் திருத்தட்டும்.

பெடல் இல்லாத சைக்கிளில் அவள் போவதைப் பார்த்தேன். வாத்து நடக்கிறது. நான் சைக்கிள் பழகியபோது என் அண்ணன் சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான், நான் மிதித்தேன், விழுந்தேன், எழுந்தேன், வந்துவிட்டது. அவ்வளவுதான் அதில் உள்ள வித்தை. இனிமேல் பெடலோடு அனுப்பு. நான் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன். லிஃப்ட் குழிக்குள் ஏறி இறங்கிப் பதினாறு வருஷத்தில் முட்டி போய்விட்டது, இருந்தாலும் ஓடுகிறேன்.

படிவத்தைப் பார்த்தேன். மடித்து மறுபடியும் உறைக்குள் வைத்துவிட்டேன்.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். அவள் முதல் அடி எடுத்து வைத்த அன்று நான் ஒரு துணிக்கடை லிஃப்டில் மாட்டியிருந்த ஏழு பேரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். முதல் பல் விழுந்தது உன் வீட்டில். பள்ளியில் முதல் நாள், நீ மட்டும். எல்லாம் எனக்குச் செய்தியாகத்தான் வந்தது. இந்தச் சைக்கிள் ஒன்று மிச்சம் இருக்கிறது. இதை நான் பழக்குகிறேன். நான் கையை எடுத்த பிறகு அவள் தனியாக ஓட்டும் அன்றைக்குக் கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை கேட்காதே.

அப்பா


பிப்ரவரி 14, சனி

நல்ல நிபந்தனை. ஆறரை வயசுப் பிள்ளையின் தலையில் நம் இரண்டு பேர் பஞ்சாயத்தையும் ஏற்றி ஓட்டச் சொல்கிறீர்கள்.

திட்டி எழுதிய முதல் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நேற்று மட்டும் நூற்றுப் பதினொரு அழைப்பு. அதில் ஒருவர் இருபது நிமிஷம் மூச்சு விடாமல் பேசிவிட்டு, "நீங்களா இருக்கக்கண்டு பொறுமையா கேட்டீங்கம்மா"ன்னு சொல்லிப் போனை வைத்தார். எனக்கு வந்தது பொறுமை இல்லை, அசதி. அதே அசதியில்தான் உங்கள் நிபந்தனைக்கும் சரி என்கிறேன்.

சைக்கிளைப் பெடலோடுதான் அனுப்பியிருக்கிறேன். திருப்திதானே? ஓடுங்கள். முட்டிக்குப் பட்டை போட்டுக்கொண்டு ஓடுங்கள்.

அம்மா


பிப்ரவரி 15, ஞாயிறு

நாலு தடவை போன் பண்ணினேன். உனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை, போன் அலமாரிக்குள் பூட்டியிருக்கும் என்பது ஐந்தாவது தடவை போடப்போகும்போதுதான் உறைத்தது.

பொடிசுக்குத் தாடையில் மூன்று தையல். பயப்படாதே, இப்போது என் கட்டிலில் படுத்து முயலுக்குப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் கட்டிடத்துக்குப் பின்னால் உள்ள கிடங்கின் முற்றத்தில்தான் ஓட்டினோம். சிமென்ட் தரை, வண்டி எதுவும் வராது. நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன், அவள் நன்றாக மிதிக்கிறாள். திடீரென்று இடது பெடல் கழன்று தனியாக விழுந்தது. கால் காற்றில் மிதித்து, ஹேண்டில்பாரின் மேல் தாடை இடித்தது. என் கை சீட்டில்தான் இருந்தது. பிடித்துக்கொண்டிருந்தும் விழுந்துவிட்டாள்.

நீ மாட்டியதுதான் சரியில்லை. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும். அது எல்லாருக்கும் தெரியாது. தெரியாதவர்கள் ஸ்பேனரைத் தொடக்கூடாது.

டாக்டர் தைக்கும்போது அவள் அழவில்லை. "அம்மாகிட்ட நீ சொல்லாத, நானே சொல்றேன்"னு சொன்னாள். ஏன் என்று கேட்டேன். "நீ சொன்னா சண்டை வரும்" என்றாள். நான் எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அப்பா


பிப்ரவரி 21, சனி

தையலைப் பார்த்தபோது உங்களைக் கொன்றுபோடலாம் போலிருந்தது. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு இன்னும் அதிகம்.

திங்கள்கிழமை அரை நாள் விடுப்பு போட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். நான் சரியாகத்தான் மாட்டினேன் என்று அவர் வாயால் சொல்லவைத்து உங்களுக்கு எழுத வேண்டும், அதுதான் நோக்கம். கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், பெடல் ஏறும் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"எவ்வளவு நாளாச்சு வாங்கி?"

"எட்டு மாசம்."

"எட்டு மாசத்துல மரை இப்படித் தேயாதுங்க. வாரா வாரம் யாரோ கழட்டி மாட்டிக்கிட்டே இருக்காங்க. அதுவும் ஒருத்தர் கை இல்ல. ஒருத்தர் லூசா மாட்டுறாங்க, ஒருத்தர் மிதிச்சு ஏத்துறாங்க. வீட்டுல ரெண்டு மெக்கானிக்கா?"

"ரெண்டு வீட்டுல"ன்னு சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

உண்மையை எழுதிவிடுகிறேன். நீங்கள் பெடலோடு அனுப்பச் சொன்ன பிறகும் ஞாயிறு மாலை அவள் வந்ததும் கழற்றிவிட்டேன். வெள்ளிக்கிழமை மாலை உங்களுக்காக மாட்டிவிட்டேன். நான் மாட்டியதை நீங்கள் நம்பாமல் மறுபடி கழற்றி மாட்டியிருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா? பத்து வருஷம் நான் பூட்டிய கதவை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தானே படுத்தீர்கள்?

பெடல் மாட்டும் கிராங்க் புதிதாகப் போட்டாயிற்று. பெடலைச் சுற்றிக் கடைக்காரர் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்திருக்கிறார். கோடு விலகியிருந்தால் யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று அர்த்தமாம். நானும் தொட மாட்டேன். நீங்களும் தொடாதீர்கள்.

அம்மா


பிப்ரவரி 22, ஞாயிறு

தொடவில்லை. கோடு அப்படியே இருக்கிறது.

நீ சொன்னது சரி. அந்தச் சனிக்கிழமையும் கழற்றி மாட்டினேன். கடைசி இரண்டு சுற்று ஏறவில்லை, ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்து ஏற்றினேன். என் வேலையில் ஒரு பையன் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். பழியை உன் மேல் போட்டு எழுதியபோதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

இந்த வாரம் சைக்கிளை எடுக்கவில்லை. தையல் காயட்டும் என்று சும்மா இருந்தோம். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஆஸ்பத்திரியில் அவசர அழைப்பு வந்தது, அவளையும் கூட்டிப்போனேன். லிஃப்டில் ஒட்டியிருந்த பலகையை எழுத்தெழுத்தாகக் கூட்டி, "எ... ட்டு பே... ர் ம... ட்டும்" என்று படித்துவிட்டு, உள்ளே இருந்தவர்களை எண்ணி, ஒன்பதாவதாக நின்ற ஒரு பெரிய மனிதரை வெளியே போகச் சொன்னாள். அவரும் போய்விட்டார்.

திரும்பி வரும்போது வேனில் கேட்டாள்: "அப்பா, நான் ஓட்டக் கத்துக்கிட்டா நீ பின்னாடி ஓடி வர வேணாம்ல?"

"வேணாம். அப்பா ஜாலியா உக்காந்துக்குவேன்."

அதற்குப் பிறகு வீடு வரும்வரை முயலின் ஒற்றைக் காதை முறுக்கிக்கொண்டே வந்தாள். தையல் வலிக்கிறதோ என்று நினைத்தேன்.

உனக்கு அங்கே வீடு பார்த்துவிட்டார்களா? தண்ணீர் வசதி எல்லாம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்.

அப்பா


பிப்ரவரி 28, சனி

தையல் பிரித்தாயிற்று. தழும்பு இருக்கும், ஆனால் தாடைக்கு அடியில் என்பதால் தெரியாது என்றார்கள்.

வீடு பார்த்திருக்கிறது. இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. உங்களுக்கு வேலை வைக்காத கட்டிடம்.

பதின்மூன்று நாள்தான் இருக்கிறது. பெட்டி கட்ட ஆரம்பித்திருக்கிறேன், எதை எடுத்தாலும் இரண்டு நிமிஷத்தில் களைத்துப் போகிறேன். கையெழுத்து வருமா வராதா என்று தெரியாமல் ஒரு வீட்டைக் காலி செய்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. கெஞ்சி எழுதக்கூடாது என்று இருந்தேன். இதுவே கெஞ்சல்தான், வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா


மார்ச் 1, ஞாயிறு

பொடிசு இன்னும் ஓட்டவில்லை. கையை எடுத்தால் இடது பக்கம் சாய்கிறாள். இன்னும் இரண்டு வாரமாவது ஆகும் போலிருக்கிறது.

எனக்கு முட்டி வீங்கிவிட்டது. வேறு ஒன்றும் விசேஷம் இல்லை.

அப்பா


மார்ச் 4, புதன்

இந்தக் கடிதத்தைப் பையில் வைக்கவில்லை. தபாலில் போடுகிறேன். ஏன் என்று படித்தால் தெரியும்.

இன்று மாலை சீக்கிரம் வந்துவிட்டேன். கிளையில் பாதி நாற்காலியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், உட்கார இடமில்லை. மாடிப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தால், பின்சந்தில் பொடிசு சைக்கிள் ஓட்டுகிறாள். பெடலை மிதித்து, தனியாக. குப்பைத் தொட்டி வரை போய், அங்கே காலைத் தேய்த்து நின்று, திரும்பி வந்தாள். கீழ்வீட்டுக்காரி சொல்கிறாள், பத்து நாளாக இதுதானாம். நான் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் சைக்கிளைப் படிக்கட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்து நோட்டைத் திறந்து உட்கார்ந்துகொள்வாளாம்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சந்தோஷம் வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை: ஓட்டிவிட்டாள், இனி கையெழுத்து வந்துவிடும் என்றுதான் முதலில் தோன்றியது. இறங்கிப் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் இருந்த பயத்தை உங்களுக்கு எப்படி எழுதுவது?

"அப்பாகிட்ட சொல்லாதம்மா."

"ஏன்டா கண்ணு? அப்பா சந்தோஷப்படுவாரே."

"நான் ஓட்டிட்டேன்னா அப்பா கையெழுத்துப் போட்டுடுவாரு. அப்புறம் நாம போயிடணும்."

இது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். சமையலறை இழுப்பறையைக் காட்டினாள். உங்கள் கடிதங்களை எல்லாம் அதில்தான் வைத்திருக்கிறேன். உட்கார்ந்து படித்துக் காட்டினாள். "கை... யெ... ழுத்துப் போ... டு... கி... றேன்." விரலை வைத்து, ஒரு எழுத்து விடாமல். என் கடிதங்களையும் உங்கள் வீட்டுக்கு வரும் வழியில் வேனின் பின் இருக்கையில் படித்திருக்கிறாள். "கொன்னுபோடலாம் போல" என்று எழுதினேனே, அதையும் படித்துவிட்டு, "நிஜமா கொல்ல மாட்டல்ல?" என்று கேட்டாள்.

நாம் கடிதம் எழுத ஆரம்பித்தபோது அவளுக்கு அ, ஆ மட்டும்தான் தெரியும். அதனால்தானே உறை போடாமல், பசை ஒட்டாமல், வெறுமனே மடித்து அவள் பையில் வைத்தோம்? அவள் படிக்கக் கற்றுக்கொண்டதை நாம் இரண்டு பேரும் கவனிக்கவே இல்லை. வீட்டுப்பாட நோட்டில் கையெழுத்துப் போட்டது யார்? நான். லிஃப்ட் பலகையைப் படித்தாள் என்று பெருமையாக எழுதியது யார்? நீங்கள்.

அவளிடம் பொய் சொல்லச் சொல்லவும் எனக்கு மனசில்லை, சொல்லிவிடு என்று சொல்லவும் மனசில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன். இனி உங்கள் பாடு.

எனக்குப் போகத்தான் வேண்டும். வேறு வேலை தேடும் தெம்பு என்னிடம் இல்லை. உங்களிடமிருந்து அவளைப் பிடுங்கிக்கொண்டு போக வேண்டும் என்று இல்லை. இதை ஆறு மாசம் முன்பே எழுதியிருக்கலாம்.

பொடிசின் அம்மா


மார்ச் 8, ஞாயிறு

நானும் தபாலில்தான் போடுகிறேன். உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன்.

எனக்குத் தெரியும். பிப்ரவரி 28 அன்றே தெரியும். கிடங்கு முற்றத்தில் பிடித்துக்கொண்டு ஓடும்போது முட்டி ஒரு வெட்டு வெட்டியது, கை தானாக விட்டுவிட்டது. அவள் போய்க்கொண்டே இருந்தாள். சாயவில்லை, ஆடவில்லை. சுவர் ஓரம் திரும்பும்போது என்னைப் பார்த்தாள். நான் முப்பது அடி தள்ளி நிற்கிறேன். பார்த்த அடுத்த நொடியில் வேண்டுமென்றே இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, விட்டுட்டியா?"

"இல்லடா. புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவள் நம்பியதுபோல் தலையாட்டினாள். மறுநாள் உட்கார்ந்து உனக்கு 'இன்னும் ஓட்டவில்லை' என்று எழுதினேன். அவள் நடிப்பதைக் கண்ணால் பார்த்தும், நிஜமாகவே விழுந்துவிட்டாள் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் கிடைக்குமே என்ற ஆசைதான். உன் கடிதம் வந்த பிறகுதான் அவளும் அதே இரண்டு வாரத்துக்குத்தான் விழுந்தாள் என்று புரிந்தது. வெட்கமாக இருந்தது.

நேற்று அவள் வந்ததும் நீல உறையை எடுத்து, அவள் எதிரிலேயே கையெழுத்துப் போட்டேன். "இங்க பாரு, போட்டாச்சு. நீ ஓட்டினாலும் போட்டாச்சு, ஓட்டாட்டியும் போட்டாச்சு. இதுக்கும் சைக்கிளுக்கும் இனிமே சம்பந்தமே கிடையாது" என்றேன். என் பெயரைக் கூட்டிப் படித்துப் பார்த்தாள். பிறகு, "நீ எங்க வீட்டுக்கு ரயில்ல வருவியா?" என்றாள். வருவேன் என்றேன். "லிஃப்ட் இல்லயே, ரெண்டு மாடி, முட்டி வலிக்குமே" என்றாள். உன் கடிதத்தில் படித்திருக்கிறாள்.

சாயங்காலம் அவளே சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் கதவோரம் உட்கார்ந்துகொண்டேன். முற்றத்தை நாலு சுற்று சுற்றினாள். அப்படி ஒரு வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஐந்தாவது சுற்றில் என்னைத் தாண்டிப் போகும்போது கத்தினாள்: "அப்பா! எப்படி நிறுத்துறது?"

உன் சந்தில் மெதுவாகப் போகிறாள், செருப்பைத் தேய்த்து நின்றுவிடுகிறாள். என்னிடம் சீட்டைப் பிடித்து நான்தான் நிறுத்துவேன். ஒரு பெடலுக்காக இவ்வளவு அடித்துக்கொண்டோம், பிரேக் என்று ஒன்று இருப்பதை நாம் இரண்டு பேரும் அவளிடம் சொல்லவே இல்லை. எழுந்து ஓடினேன். சுவருக்கு நாலு அடி முன்னால் பிடித்தேன். இன்று கைப்பிடியைப் பிடித்துத்தான் படி இறங்கினேன்.

இன்று காலை சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். பிரேக் அவள் விரலுக்கு எட்டவில்லை. திருகை முடுக்கி உள்ளே கொண்டுவந்திருக்கிறேன், சிவப்புக் கோட்டைத் தொடவில்லை. இனி எட்டும். ஆனால் நேரம் போதவில்லை, அவளுக்கு இன்னும் பயம் இருக்கிறது. அங்கே போனதும் நீ பழக்கு. மேடு பள்ளம் இல்லாத இடமாகப் பார். முதலில் தள்ளிக்கொண்டே நடக்கவிட்டுப் பிடிக்கச் சொல். இரண்டு கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் கவிழ்ந்துவிடுவாள். அவசரப்படுத்தாதே. உனக்கு அந்தப் பொறுமை உண்டு, அசதி என்று நீ எதைச் சொன்னாலும் சரி. எனக்கு ஓடிப் போய்ப் பிடிக்க மட்டும்தான் தெரிகிறது.

படிவம் இத்துடன்.

பொடிசின் அப்பா